தங்கச்சி பூட்டிய கோப்பு

என் நிரலை உடைத்துக் கொடு என்று கேட்டு வந்தவனை உட்கார வைத்து மோர் கலக்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மாப்பிள்ளை முறைக்காரன் வாசலில் வந்து நின்றால் கை தானாக மோருக்குப் போய்விடுகிறது. வளர்ப்பு அப்படி, என்ன செய்ய.

வந்தவன் என் தங்கச்சியின் புருஷன். சித்தி மகள்தான், ஆனாலும் எனக்கு அவள்தான் தங்கச்சி. கூடப் பிறந்தவர்கள் வேறு கிடையாது. அவன் திண்டுக்கல் பேருந்து நிலையத்துப் பக்கம் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். தங்கச்சி அவனை விட்டுவிட்டுப் பிள்ளையோடு கிளம்பிப் போய் அப்போது சில மாதம் ஆகியிருந்தது. எங்கே இருக்கிறாள் என்று குடும்பத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. என்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் சித்தியிடம் சொல்லிவிடுவேன் என்ற பயம். சித்தி மருமகன் கட்சி. "ஆம்பளன்னா கை நீட்டத்தான் செய்வான், அதுக்காகப் பொட்டியத் தூக்கிருவியா" என்று பெற்ற மகளைக் கேட்ட புண்ணியவதி.

அவன் மோரைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"மதினி, அவ போறதுக்கு முன்னாடி அவ போன அப்படியே காப்பி எடுத்து வச்சிருந்தேன். எல்லாம் தெறக்குது. இந்த ஒரு ஃபைலு மட்டும் தெறக்க மாட்டேங்குது. பாத்தா நீங்க செஞ்ச பூட்டாம்ல?"

"ஆமா."

"அப்ப தெறந்து குடுங்க. எங்க போயிருக்கான்னு அதுலதான் எழுதி வச்சிருப்பா. புருசன் பொண்டாட்டிக்குள்ள என்ன ரகசியம்?"

"நானே நெனச்சாலும் தெறக்க முடியாது. எங்கப்பன் எந்திரிச்சு வந்தாலும் முடியாது. அவ போட்ட பாஸ்வேர்டு அவளுக்கு மட்டுந்தான் தெரியும்."

அவன் சிரித்தான். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தான். அந்தக் கோப்பை என் போனுக்கு அனுப்பிவிட்டு, "வச்சிருங்க மதினி, மனசு மாறுனா கூப்புடுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான். நான் சொன்னது சத்தியமான உண்மை என்றுதான் அன்றைக்கு நம்பினேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேகம்பூரில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கோப்புகளைப் பூட்டும் ஒரு நிரல்தொகுப்பைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் தங்கள் ஆப்பில் சேர்த்துக்கொள்ளலாம், காசு கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஒளிவுமறைவு கிடையாது. திண்டுக்கல்காரி பூட்டுச் செய்யாமல் வேறென்ன செய்வாள் என்று இளிக்காத ஆள் இல்லை. என்னோடு சேர்ந்து இதைப் பார்த்துக்கொள்கிற கூட்டாளி எங்கேயோ குளிர் தேசத்தில் இருக்கிறான். அவன்கூட எதையோ படித்துவிட்டு அதே நகைச்சுவையை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான். சிரித்துத் தொலைத்தேன். நிரல் என் பொறுப்பு. ஊர் உலகத்திலிருந்து வருகிற கேள்விகளுக்குப் பதில் எழுதுவது அவன் பொறுப்பு. மகா பொறுமைசாலி. எவன் என்ன கேட்டாலும் வணக்கம் நன்றியோடு பதில் எழுதுவான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

தங்கச்சி போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தவள் நான்தான். ஒரு காதுகுத்து வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, யாரும் பாக்காம எழுதி வைக்க ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் கழுத்தில் முந்தானையைச் சுற்றிப் போட்டிருந்த விதமே சொன்னது. அவன் கடையில் பழுது பார்த்துக் கொடுத்த அரதப்பழசான போன் அவளிடம் இருந்தது. அதில்தான் போட்டுக் கொடுத்தேன். உன்னைத் தவிர யாராலும் திறக்க முடியாது என்று தீர்மானமாகச் சொன்னேன்.

மோர் குடித்துவிட்டுப் போன அடுத்த மாதம் அந்த மின்னஞ்சல் வந்தது. முன்பின் தெரியாத ஓர் ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தாள். எங்கள் நிரலில் ஓர் ஓட்டை இருக்கிறது, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன் என்று. எப்படித் திறப்பது என்றும் செய்து காட்டியிருந்தாள்.

ஓட்டை இதுதான். கோப்பைப் பூட்டுகிற உண்மையான சாவி நாம் போடும் பாஸ்வேர்டு அல்ல. போனிடம் ஒரு தற்செயல் எண் கேட்டு வாங்கி அதைத்தான் சாவியாக வைக்கிறோம். பாஸ்வேர்டு அந்தச் சாவி இருக்கும் டப்பாவுக்கு மூடி, அவ்வளவே. சில பழைய, மலிவான போன்களில் எண் கேட்டால் சமயத்தில் "இப்போது தர முடியாது" என்று பதில் வருகிறது. எங்கள் நிரல் அந்தப் பதிலைக் காதிலேயே வாங்கவில்லை. எண் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, வெறும் சைபர்களைச் சாவியாக வைத்துப் பூட்டிவிட்டது. விஷயம் தெரிந்தவனுக்கு டப்பாவும் வேண்டாம், மூடியும் வேண்டாம். சைபரைப் போட்டால் திறந்துகொள்ளும்.

படித்து முடித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது நிரலும் இல்லை, உலகமும் இல்லை. அந்த அரதப்பழசு போன்தான். அவன் அனுப்பிய கோப்பை எடுத்து அந்தப் பெண் சொன்னபடி செய்து பார்த்தேன். திறந்தது. பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். மேலே இருந்ததை நான் படிக்கவில்லை, நேராகக் கடைசிக்குப் போனேன். கன்னிவாடி. கிளம்பும் முன்பே எல்லாம் ஏற்பாடு செய்து குறித்து வைத்திருந்தாள். எந்தத் தெரு, யார் வீட்டு மாடி, எந்த மெடிக்கலில் வேலை, பாப்பாவுக்கு எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் இருந்தது. அவனிடமும் இதே கோப்பு இருக்கிறது.

எங்கள் தொழிலில் இப்படி ஓர் ஓட்டை தெரிந்தால் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடைப்பு தயாராகி வெளியிடுகிற நாள்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. வெளியே கசிந்தால் அடைப்பதற்குள் கள்ளன் புகுந்துவிடுவான் என்பதால்தான் இந்த வாய்ப்பூட்டு. நியாயம்தான். ஆனால் அதிலும் ஒரு மேல்சாதி உண்டு. எங்கள் நிரலை ஓசியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நன்றிகூடச் சொல்லாத பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லிவிட வேண்டும், அவர்கள் தயாராக இருப்பதற்காக. கூட்டாளி அவர்களுக்கெல்லாம் மரியாதையாகக் கடிதம் எழுதினான். வெளியிட மூன்று வாரம் கழித்து ஒரு நாள் குறித்தோம். பழைய போனில் பாவப்பட்டு எழுதி வைத்தவளுக்குச் சொல்ல அந்தப் பட்டியலில் இடமில்லை. அட, நாசமாப் போக என்று சொல்லிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

ரெட்டியார்சத்திரம் தாண்டிக் கன்னிவாடிக்குள் நுழைந்து அந்த மெடிக்கலைக் கண்டுபிடிக்கச் செத்த நேரம்தான் ஆனது. மாத்திரை அட்டையை எண்ணிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் வெளுத்துப்போனாள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மாடி வீட்டுக்கு என்னை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு போனாள்.

"யாருக்கா சொன்னா?"

"நீதாண்டி சொன்ன. ஒன் ஃபைலத் தெறந்து பாத்தேன்."

"தெறக்க முடியாதுன்னியே! அன்னைக்கு அம்புட்டு தீர்மானமாச் சொன்னியே!"

"சொன்னேன். எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவளுக்குப் புரியும்படி எல்லாவற்றையும் சொன்னேன். வாய்ப்பூட்டு மண்ணாங்கட்டி எல்லாம் அவள் முகத்தைப் பார்த்ததும் காற்றில் போய்விட்டது. அதற்காக எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

"அந்தாளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இன்னும் தெரியாது. நாங்க அடைச்சு வெளிய விடுற அன்னைக்கு எல்லாருக்கும் தெரியும். அடைச்ச எடத்தப் பாத்தாலே ஓட்டை எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சுரும். போன் கடைக்காரன், அவனுக்குச் சொல்லிக் குடுக்க ஆளா இல்ல?"

"அதான் அடைச்சுருவீகளே, பெறகு எப்படித் தெறப்பாக?"

"இனிமே பூட்டுறதத்தான் தெறக்க முடியாது. அவன் கையில இருக்கறது பழசு. அத ஒண்ணும் செய்ய முடியாது."

"அப்ப என்ன மசுருக்கு அடைக்கிற?"

எனக்குச் சுருக்கென்றது. இவளைப் போல இன்னும் எத்தனை பேர் எந்த ஊரில் என்னென்ன எழுதிப் பூட்டி வைத்திருக்கிறார்களோ, அவர்கள் கோப்பு இன்னும் எவன் கைக்கும் போயிருக்காது, அவர்களுக்காக அடைக்கிறேன். இவளிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"வீட்ட மாத்து. வேற ஊருக்குப் போ. மூணு வாரம் இருக்கு, நான் பாத்துத் தாரேன்" என்றேன்.

"போக மாட்டேன்."

"ஏண்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? அவன் வந்து நின்னா என்ன செய்வ?"

"நான் ஏங்கா ஓடணும்? பாப்பா இப்பத்தான் பள்ளிக்கூடத்துல நாலு சேக்காளி பிடிச்சிருக்கா. நைட்டு தூக்கத்துல அழுகறத விட்டு இப்பத்தான் கொஞ்ச நாளாச்சு. மறுபடி மூட்டையக் கட்டுனா அடுத்த ஊர்லயும் இதே பயந்தானே? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் போனா என்ன, மொழம் போனா என்ன."

சோற்றைப் போட்டு, முருங்கைக்கீரை வெஞ்சனத்தை வைத்துக்கொண்டே என்னைத் திட்டினாள். நானும் சாப்பிட்டுக்கொண்டே திட்டினேன். ஒன் நிரலும் ஆச்சு, ஒன் படிப்பும் ஆச்சு என்றாள். நீ செத்தால் கொள்ளி போட நான்தான் வர வேண்டும் என்றேன். கடைசியில் கோபம் தீராமலே கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன். வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் அழுதுகொண்டே வந்தேன், அழுகை பாதி, ஆத்திரம் பாதி.

அடைப்பு எழுதுவது பெரிய வேலை இல்லை. அந்தத் தற்செயல் எண்ணைப் போன் தர மறுத்தால் பூட்டாதே, நின்று சத்தம் போடு என்று சில வரிகள். பழைய கோப்பை யாராவது திறந்தால் புதுச் சாவி வைத்து மறுபடி பூட்டு என்று இன்னும் சில வரிகள். அதை உலகத்தில் உள்ள எல்லா ஓட்டை உடைசல் போன்களிலும் ஓட வைத்துப் பார்ப்பதற்குத்தான் நாக்குத் தள்ளியது. கம்பெனிக்காரர்கள் வேறு, தேதியைத் தள்ளி வைக்க முடியுமா, எங்களுக்குத் திருவிழா விடுமுறை வருகிறது என்று கேட்டு எழுதினார்கள். என் தங்கச்சி உயிர் ஊசலாடுகிறது, உங்களுக்கு லீவு கேட்கிறதா என்று எழுதி, பிறகு அழித்துவிட்டு, முடியாது என்று மட்டும் அனுப்பினேன்.

இடையில் ஒரு நாள் அவளே போன் செய்தாள்.

"அக்கா, மகளிர் ஸ்டேஷன்ல மனு குடுத்துட்டேன். வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்லிட்டேன், மெடிக்கல்ல சொல்லிட்டேன், பள்ளிக்கூடத்துல சொல்லிட்டேன். தெருவுல பூக்கட்டுற பொம்பளைக எல்லாத்துக்கும் அந்தாளு போட்டோவக் காட்டிட்டேன்."

"அடியே, ஒரு ரகசியத்தக் காப்பாத்த நான் இங்க நாயாப் பேயா அலையுறேன், நீ ஊருக்கே தமுக்கடிச்சியா?"

"ஒளிஞ்சிருந்தாத்தானக்கா கண்டுபிடிக்க முடியும்" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் தொழில் புத்தி அப்படி, ஓட்டை அடைபடும்வரை மூச்சுக் காட்டாதே என்றுதான் போகும். போனை வைத்துவிட்டேன்.

வெளியிடக் குறித்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் கூட்டாளியின் கடிதம் வந்திருந்தது. "ஒரு நல்ல செய்தி" என்று தொடங்கியிருந்தான். அவன் பழைய கேள்விகளையெல்லாம் தூசு தட்டிக்கொண்டிருந்தானாம். ஒருவன் என்றைக்கோ ஒரு கேள்வி கேட்டு அன்றைக்குப் பதில் இல்லாமல் போயிருந்தால், வழி கிடைத்ததும் அவனைத் தேடிப்போய்ச் சொல்வது எங்கள் உலகத்துப் பழக்கம். வருஷம் கழித்துக்கூடச் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான். அந்தச் சனியன் பிடித்த நல்ல பழக்கம்தான் குடியைக் கெடுத்தது.

அவன் எழுதியிருந்தது இதுதான்: "சில மாதங்களுக்கு முன் ஒருவர் கேட்டிருந்தார், உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது. அவர் மனைவி இறந்துவிட்டாள். அவள் கடைசியாக எழுதியது பூட்டிய கோப்பில் இருக்கிறது. படிக்காமல் மனம் ஆறவில்லை என்று உருக்கமாகக் கேட்டிருந்தார். அன்று வழியில்லை என்று பதில் எழுதியது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வாய்ப்பூட்டு இருக்கிறது என்று தெரியும், ஆனாலும் மனிதாபிமானம் என்று ஒன்று உண்டு அல்லவா. யாரிடமும் சொல்லக் கூடாது என்ற உறுதிமொழி வாங்கிக்கொண்டு அவருக்குத் தனியாகத் திறக்கும் வழியை அனுப்பினேன். நன்றி சொல்லி உடனே பதில் எழுதினார்."

உயிரோடு இருக்கிறவளைச் சாகடித்துக் காரியம் சாதித்திருக்கிறான், படுபாவி. எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. புருஷனையா, புத்திசாலிக் கூட்டாளியையா, கேள்விகள் பக்கம் எட்டிப் பார்க்காத என்னையா. "அவள் சாகவில்லை. அவள் என் தங்கை. அவன் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறான்" என்று மட்டும் எழுதினேன். கூட்டாளியின் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

தங்கச்சியை அழைத்தேன், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவாள். உடனே கிளம்பியிருப்பேன், ஆனால் ஒரு வேலை மிச்சம் இருந்தது. வழி இப்போது எங்கள் கையைவிட்டு வெளியே போய்விட்டது. தங்கச்சி புருஷன் உறுதிமொழியைக் காப்பாற்றிக் கிழித்தது போதும். இந்நேரம் எத்தனை கடைக்காரனுக்குச் சொன்னானோ. இனி ஒரு நாள் தாமதித்தாலும் மற்றவர்கள் மாட்டுவார்கள். அன்றைக்கென்று மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை வேறு நிறுத்தியிருந்தார்கள். மடிக்கணினியில் மிச்சமிருந்த சார்ஜில், போனிலிருந்து இணையத்தை இழுத்து, யாரையும் கேட்காமல் அடைப்பை வெளியிட்டேன். கம்பெனிகளின் லீவு, தேதி எல்லாம் அவர்களோடு. அது போய்ச் சேரும்வரை திரையில் ஊர்ந்த கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதைப்போல் என் வாழ்க்கையில் நான் எதையும் வெறுத்ததில்லை. போய்ச் சேர்ந்ததும் ஸ்கூட்டரை எடுத்தேன்.

நான் கன்னிவாடி மெடிக்கல் முன் இறங்கும்போது அவன் ஏற்கெனவே வந்திருந்தான். பைக்கைக் குறுக்கே போட்டுவிட்டுக் கடைப்படியில் ஒரு காலை வைத்து நின்றான். தங்கச்சி கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். பூக்கட்டும் பெண்கள் கூடையும் நாருமாகச் சுற்றி நின்றார்கள். கடைக்காரர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் "டேய்" என்று கத்திக்கொண்டு முன்னால் போனேன். தங்கச்சி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"வா வீட்டுக்கு" என்றான் அவன். "எம்புட்டு நாளா திட்டம் போட்டுருக்க! எல்லாம் படிச்சுட்டேன். ஒன் ரகசியம் அம்புட்டும் இந்தா, இந்த போன்ல இருக்கு. ஒழுங்கா வாரியா, இல்ல, ஒன் லட்சணத்த இவக எல்லாத்துக்கும் வாசிச்சுக் காட்டவா?"

"வாசிங்க" என்றாள்.

அவன் விழித்தான்.

"மொதல்லருந்து வாசிங்க. எல்லாம் படிச்சேன்னீகள்ல? இவகளும் கேக்கட்டும்."

கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் படியில் உட்கார்ந்தாள். "வாசிப்பா, கேப்போம்" என்றாள்.

அவன் போனைப் பார்த்தான். திரை திறந்துதான் இருந்தது. விரலால் மேலே தள்ளினான், கீழே தள்ளினான். முகத்தில் ரத்தம் ஏறியது.

"என்ன, எழுத்துத் தெரியலையா? நான் சொல்றேன்" என்றாள் தங்கச்சி. கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, தெருவைப் பார்த்து நின்று, மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"வெஞ்சனத்துல உப்பு கூடிருச்சுன்னு அடிச்சாரு. அன்னைக்கு நான் புள்ள பெத்த பச்ச ஒடம்பு."